திரைப்பிரதியும் பாடபேதமும்

1

குறுந்தொகைப் பாட்டு ஒன்றைப் பற்றி எழுதுகிறவனிடம் எந்தப் பதிப்பு என்று கேட்டால் அவன் கோபித்துக்கொள்வதில்லை. சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-ல் வெளியிட்டதா, உ.வே. சாமிநாதையர் 1937-ல் வெளியிட்டதா என்பது நியாயமான கேள்வி. ஒரு சீர் மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் ரசனையும் மாறும். இதை நாம் ஒப்புக்கொண்டு நூறு வருஷமாகிறது. ஆனால் சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றுவதில்லை. படம் படம்தானே என்று இருந்துவிடுகிறோம்.

நண்பர் ஒருவர் 1940களின் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையைப் படிக்கக் கொடுத்திருந்தார். தீவிரமான கட்டுரை. அதில் பாகவதர், சின்னப்பா தலைமுறையின் குரலை ஒரே வரியில் கீச்சு என்று ஒதுக்கியிருந்தார். அடுத்த பக்கத்தில், அந்தக் காலத்து நடிகர்கள் மேடைப் பதற்றம் நீங்காதவர்கள், வசனத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். இரண்டு தீர்ப்புக்கும் ஆதாரம் அவர் கேட்ட குரலும் பார்த்த வேகமும்தான். எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். யூட்யூபில் என்றார். அது எதிலிருந்து வந்தது என்று கேட்டேன். இதென்ன வங்கிக் கேள்வி என்று சிரித்தார்.

வங்கிக் கேள்விதான். நான் குமாஸ்தா. ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அதன் மேல் எதையும் எழுதக்கூடாது என்பது என் பிழைப்பின் முதல் பாடம். விமர்சகனுக்கும் அது முதல் பாடமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

2

கணக்கு எளிது. பேசும் படம் நொடிக்கு 24 ஃபிரேம் என்று 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிலைபெற்றது. ஃபிலிமில் ஒலியைப் பதிக்க வேண்டுமானால் ஃபிலிம் ஒரே சீராக ஓடவேண்டும், போதுமான வேகத்திலும் ஓடவேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். எனவே நிமிஷத்துக்கு 90 அடி. உலகம் முழுவதும் இதை ஏற்றுக்கொண்டது. கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் ஏற்றுக்கொண்டன.

பிறகு டெலிவிஷன் வந்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டெலிவிஷன் அதில் பாதியை எடுத்துக்கொண்டு நொடிக்கு 25 ஃபிரேம் என்று வகுத்துக்கொண்டது. 24-ல் எடுத்த படத்தை 25-ல் ஒளிபரப்ப என்ன செய்வது? ஐம்பது சுழற்சி நாடுகளின் நிலையங்கள் மிகச் சுலபமான வழியைக் கையாண்டன. படத்தை 25-லேயே ஓட்டினார்கள். நூற்றுக்கு நாலு வேகம் கூடும், அவ்வளவுதான், யாருக்குத் தெரியப்போகிறது என்பது அதன் பின்னிருந்த எண்ணம். பெரும்பாலும் யாருக்கும் தெரியவும் இல்லை.

நாலு சதவீதம் என்பது சின்ன வட்டி மாதிரி கேட்கும். 160 நிமிஷப் படம் 153 நிமிஷம் 36 நொடியில் முடிந்துவிடும். 6 நிமிஷம் 24 நொடி காணாமல் போகிறது. ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை, ஒரு ஃபிரேமும் குறையவில்லை, ஆனால் படத்தின் ஒவ்வொரு மௌனமும் சுருங்கியிருக்கிறது. ஒலியும் கூடவே ஓடுவதால் சுருதி ஏறுகிறது. ஏறும் அளவு முக்கால் ஸ்வரஸ்தானத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் பாடகர்கள் பாஷையில் அரைக்கட்டையை எட்டாத ஓர் ஏற்றம். இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரையை நெருங்கி நிற்பார்.

தியாகராஜ பாகவதர் உயர்ந்த சுருதியில் பாடியவர் என்பது அவரை நேரில் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது. அதில் விவாதமில்லை. ஆனால் ஏற்கனவே உச்சியில் நிற்கிற ஒரு குரலை இன்னும் கொஞ்சம் தள்ளினால் என்ன ஆகும்? சுருதி மட்டும் ஏறுவதில்லை. குரலின் பருமன் மெலிகிறது, கமகம் நடுங்குகிறது, மூச்சு வாங்கும் இடைவெளி குறுகுகிறது. சாரீரமே வேறொரு ஆளுடையதாகிவிடுகிறது. சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த 1943-ம் வருஷத்து 'சிவகவி'யை டெலிவிஷனிலும் சிடியிலும் மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவன் பாகவதரைக் கேட்டிருக்கிறானா, அவருடைய ஏதோ ஒரு பதிப்பைக் கேட்டிருக்கிறானா? நண்பரின் கட்டுரை நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்வியில்தான்.

3

இந்த விஷயத்துக்குள் நான் சித்தாந்த வழியாக வரவில்லை. சப்டைட்டில் வழியாக வந்தேன். பெங்களூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வரும் சில நண்பர்களுக்காகப் பழைய படம் ஒன்றுக்கு இங்கிலீஷில் சப்டைட்டில் எழுதியிருந்தேன். திரையிடுகிற அன்று கிடைத்த பிரதி வேறு, இன்னும் தெளிவானது. அதில் போட்டுப் பார்த்தால் முதல் காட்சியில் வசனமும் எழுத்தும் கைகோத்துப் போகின்றன. அரைமணியில் ஒரு நிமிஷத்துக்கு மேல் விலகிவிட்டன. ஒரு மணி நேரத்தில் விலகல் 2 நிமிஷம் 24 நொடி. நாயகி அழுகிற இடத்தில் எழுத்து இன்னும் விதூஷகனின் ஹாஸ்யத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஹெட் கேஷியர் எனக்கு இரண்டு வித்தைகள் சொல்லிக்கொடுத்திருந்தார். கணக்கு டாலி ஆகாமல் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. வித்தியாசம் நாளுக்கு நாள் ஒரே சீராக வளர்ந்தால் அது பிழையே இல்லை, விகிதம். யாரோ வேறொரு வட்டி போட்டிருக்கிறார்கள். சப்டைட்டிலின் விலகல் வளர்ந்துகொண்டிருந்தது. விலகலை நேரத்தால் வகுத்தேன். நூற்றுக்கு நாலு வந்தது. ஒரு பிரதி 24-லும் மற்றது 25-லும் ஓடுகின்றன.

இதைச் சரிசெய்யும் கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் தொடங்கி வைத்தது, இன்று பலர் கூடிப் பராமரிக்கிறார்கள், காசு இல்லை. ஜன்னலும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரியை அது ஒரு வாக்கியமாக வாசித்து நிறைவேற்றுகிறது.

முதலில் பிரதியைக் கேள்வி கேட்கலாம். எஃப்எஃப்புரோப் என்று அதன் துணைக் கருவி. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று கேட்டால் தசமத்தில் பதில் சொல்லாது, பின்னத்தில் சொல்லும். 25-ன் கீழ் 1. அல்லது 24000-ன் கீழ் 1001. இந்த இரண்டாவது பின்னம் அமெரிக்காவின் சொத்து. 1953-ல் அங்கே கலர் டெலிவிஷன் வந்தபோது வண்ணத்தின் அலையும் ஒலியின் அலையும் மோதிக்கொள்ளாமல் இருக்க 30 ஃபிரேமை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். அந்த வழி போன சினிமாவும் 24-லிருந்து அதே அளவு இறங்கியது. மணிக்கு 3.6 நொடி வித்தியாசம். கடல் கடந்த தமிழர்களுக்காக அந்த முறையில் எடுத்த பிரதிகளில் இந்தப் பின்னம் தென்படும். ஒரு கோப்பின் பின்னத்தைப் படித்தாலே அது எந்த ஊர் வழியாக வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஏட்டுச் சுவடியின் எழுத்தமைதியைப் பார்த்துக் காலம் சொல்கிற மாதிரி.

பிறகு கட்டளை. இதில் ஃபிரேம் விகிதத்தைக் குறிக்க ஆர் என்று ஓர் எழுத்து இருக்கிறது. அதைக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால் ஒரு பொருள், பின்னால் எழுதினால் வேறு பொருள். முன்னால் எழுதினால், கோப்பு தன் காலத்தைப் பற்றிச் சொல்வதை நம்பாதே, இத்தனை விகிதம் என்று வைத்துக்கொண்டு படி என்று அர்த்தம். பின்னால் எழுதினால், அது சொல்லும் காலத்தை நம்பு, எனக்கு இத்தனை ஃபிரேமாக எழுதிக் கொடு என்று அர்த்தம். தமிழில் ராமன் ராவணனைக் கொன்றான் என்பதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் வேற்றுமை உருபு கொன்றவனையும் செத்தவனையும் காப்பாற்றிவிடும். இங்கிலீஷில் இடம் மாறினால் கொலைகாரன் மாறிவிடுவான். இந்தக் கருவி இங்கிலீஷ் ஜாதி. இதன் இலக்கணம் இடத்தில் இருக்கிறது.

4

விகிதத்தை மாற்ற மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் செய்து பார்த்தேன். மூன்றுக்கும் நம் பதிப்புலகத்தில் சொந்தக்காரர்கள் உண்டு என்று செய்யும்போதுதான் புரிந்தது.

முதல் வழி: ஃபிரேம்களைத் தொடாமல் அவற்றின் காலத்தை மாற்றுவது. 25-ல் விரைந்து ஓடுகிற பிரதியின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்கச் சொல்ல வேண்டும். செட்பிடிஎஸ் என்ற வடிகட்டி அதைச் செய்கிறது. ஒன்றும் சேர்வதில்லை, ஒன்றும் போவதில்லை. மூலம் அப்படியே நிற்க அதன் நடை மட்டும் திரும்புகிறது.

ஒலிக்குத் தனிக் கட்டளை வேண்டும். இங்கேயும் இரண்டு பாதை. ஏடெம்போ என்பதில் 0.96 என்று எழுதினால் வேகம் குறையும், சுருதி இருந்த இடத்தில் இருக்கும். ஏசெட்ரேட் என்பதில் 48000-க்குப் பதில் 46080 என்று எழுதினால் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும், டேப்பை மெதுவாக ஓட்டுகிற மாதிரி. எது சரி என்பது பிரதி எடுத்தவன் என்ன செய்தான் என்பதைப் பொறுத்தது. அவன் சுருதியை ஏற விட்டிருந்தால் நாம் இறக்க வேண்டும். அவன் யோக்கியனாகச் சுருதியைக் காத்திருந்தால் நாம் இறக்குவது புதிய குற்றம். இதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் வழி: காலத்தைக் காப்பாற்ற ஃபிரேமைப் பலி கொடுப்பது. 24-ஐ 25 ஆக்க நொடிக்கு ஒரு ஃபிரேமை இரண்டு தடவை காட்டும். 25-ஐ 24 ஆக்க நொடிக்கு ஒன்றை வீசிவிடும். 160 நிமிஷப் படமென்றால் வீசியது 9,600. நேரம் பிசகுவதில்லை, சுருதி ஏறுவதில்லை, கணக்கு டாலி ஆகிறது. ஆனால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் நொடிக்கொரு தடவை ஒரு தட்டல். பார்க்கிறவனுக்கு என்னவென்று சொல்லத் தெரியாது. ஏதோ இடறுகிறது என்று மட்டும் தெரியும்.

டி.கே.சி. கம்பனில் தமக்கு ஒவ்வாத பாடல்களை விலக்கினார், சொற்களையும் திருத்தினார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று தம் பொறுப்பில் வெளியிட்டார். அதை ஏற்கலாம், மறுக்கலாம். விலக்கியது ஒரு ரசனை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சண்டை போட ஆள் இருக்கிறது. நொடிக்கு ஒன்று வீசுகிற இயந்திரத்துக்கு ரசனை கிடையாது. நாயகன் கண் இமைத்த ஃபிரேமா, சும்மா நின்ற ஃபிரேமா என்று அது பார்ப்பதில்லை. முறை வந்தால் வீசும்.

மூன்றாம் வழியைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எம்இண்டர்போலேட் என்று ஒரு வடிகட்டி. இரண்டு ஃபிரேம்களைப் பார்த்து, நடுவில் கை எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்து, எடுக்கப்படாத ஒரு ஃபிரேமைப் புதிதாக எழுதிச் சேர்க்கும். இங்கிலீஷில் இண்டர்போலேஷன் என்று கணக்கில் சொல்வதும் ஏட்டில் பின்னால் யாரோ நுழைத்த செய்யுளைச் சொல்வதும் ஒரே வார்த்தை. தமிழில் அதற்கு இடைச்செருகல் என்று பெயர். கம்பனில் புகுந்த வெள்ளி பாடல்களைப் பொறுக்கி எடுப்பதற்குத் தமிழ்ப் புலவர்கள் தலைமுறைகளைச் செலவிட்டார்கள். இங்கே ஒரு சொல்லை எழுதி என்டர் தட்டினால் ஒரு படத்துக்குள் லட்சக்கணக்கில் வெள்ளி ஃபிரேம்கள் புகுந்துவிடுகின்றன.

ஸ்ரீராமுலு நாயுடுவின் 'ஜகதலப்பிரதாபன்' 1944-ல் வந்தது. அதில் சின்னப்பா ஒரே திரையில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து பேராக உட்கார்ந்து கச்சேரி செய்வார். தமிழ் சினிமாவின் தந்திரக் காட்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. அந்தப் பகுதியை எடுத்து 50 ஃபிரேமாக்கச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து சின்னப்பாக்களும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு அசைந்தார்கள். வேகம் கூடி விரல்கள் விளையாடும் இடத்தில் நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினேன். ஒன்றில் ஐந்து விரல். அடுத்ததில் விரல்கள் உருகி ஒரே சதைத் திட்டு. அதற்கடுத்ததில் மறுபடி ஐந்து விரல். நடுவில் இருந்தது சின்னப்பாவின் கை இல்லை. அவர் ஒருபோதும் செய்யாத ஓர் அசைவு. ஓட விட்டுப் பார்த்தால் இது தெரியாது; அழகாகத்தான் இருக்கும். இடைச்செருகல் எப்போதும் அழகாக இருக்கும். அழகாக இல்லாவிட்டால் ஏட்டில் தங்கியிருக்காது.

இப்போது வரும் டிவி பெட்டிகள் பலவற்றில் இந்த வேலை கேட்காமலேயே நடக்கிறது. பழைய படம் பார்த்தாலும் சீரியல் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்களே, அதன் காரணம் இதுதான். சீரியல்கள் நொடிக்கு 50 அசைவாகப் பதிவாகிப் பழகியவை. பெட்டி சினிமாவையும் அந்த 50-க்கு இழுத்துவிடுகிறது. பெட்டியின் மெனுவுக்குள் போய் அதை நிறுத்தலாம். நிறுத்துகிறவர்கள் குறைவு.

5

இதற்கு ஓர் ஆட்சேபணை இருக்கிறது, அது பலமானது. மூலம் என்று ஒன்று எப்போது இருந்தது?

கோயமுத்தூரில் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. 1905-ல் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில ஃபிலிம் சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பினார். ஏசுவின் வாழ்க்கை பற்றிய துண்டுப் படம் அதில் ஒன்று. கூடாரத்தோடு நாடு சுற்றி, 1914-ல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். ரோடுக்கு இன்னமும் அந்தப் பெயர்தான். அவர் கிளம்பிய காலத்து இயந்திரம் கையால் சுற்றுவது. நொடிக்கு 16 என்று பேச்சுக்குச் சொல்வார்கள். உண்மையில் கை எவ்வளவோ அவ்வளவு. ஆயிரம் அடிச் சுருள் 16-ல் ஓட்டினால் 16 நிமிஷம் 40 நொடி வரும். பின்னாளில் பேசும் படத்து மெஷினில் 24-ல் ஓட்டினால் 11 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊமைப்படத்து மனிதர்கள் குடுகுடுவென்று ஓடினார்கள் என்ற நம் நம்பிக்கை முழுவதும் இந்த ஐந்தரை நிமிஷத்தில் உற்பத்தியானது. நமக்குத் தமிழ்நாட்டு ஊமைப்படங்களே ஏறக்குறைய மிஞ்சவில்லை. மிஞ்சாத படங்களைப் பற்றியும் நமக்கு ஒரு வேகம் மனதில் பதிந்திருக்கிறது.

பேசும் படம் வந்தபின் கையின் ஆட்சி போய் மோட்டாரின் ஆட்சி வந்தது. அதுவும் தியேட்டருக்குள்தான். அவிநாசிப் பக்கத்து டூரிங் கொட்டாய்களில் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுள் சான்றிதழ் கொடுக்க எங்கள் கிளைக்கு வருவார். கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், கொட்டாயில் பாட்டு ஒரே சுருதியில் நிற்குமா என்று அவரிடம் கேட்டேன்.

"எங்கீங்க தம்பி நிக்குது? அப்பெல்லாம் ஆயில் எஞ்சின்ல ஓட்டறதுங்க. எஞ்சின் எளப்பு வாங்குச்சுன்னா பாட்டும் எளப்பு வாங்குமுங்க. மொத ஆட்டத்துல பொம்பளக் கொரலு, ரெண்டாவது ஆட்டத்துல ஆம்பளக் கொரலும்பாங்க வேடிக்கைக்கு."

"சனங்க கேக்க மாட்டாங்களாங்க ஐயா?"

"கேப்பாங்க. விசில் அடிப்பாங்க. நாம் போயி எஞ்சினைப் பாக்கோணும். அதுக்குத்தான நம்மள வெச்சிருக்கறது."

நண்பர் இதைக் கேட்டால் குதிப்பார். பார்த்தீரா, படத்தைப் பார்த்த முதல் தலைமுறையே சரியான சுருதியில் கேட்கவில்லை, எல்லாம் பேதம்தான், பிறகு 25 மட்டும் என்ன பாவம் செய்தது என்பார். மூலம் என்று ஒன்றில்லை, பிரதிகள்தான் உண்டு என்ற வாதம் நம் வட்டத்தில் செல்வாக்கானது. ஏட்டுச் சுவடிக்கும் அதைச் சொல்வார்கள்.

பெரியவரின் கடைசி வாக்கியத்தில் பதில் இருக்கிறது. எஞ்சின் இளைத்தால் ஜனங்கள் விசில் அடித்தார்கள். அதாவது சரியான சுருதி என்று ஒன்று அவர்கள் காதில் இருந்தது. அது பிசகினால் பிசகு என்று தெரிந்தது. போய்ச் சரிசெய்ய ஓர் ஆள் இருந்தார். கொட்டாயில் நேர்ந்தது ஓர் ஆட்டத்தின் கோளாறு. மறுநாள் எஞ்சின் சரியாகலாம். பிரதியில் நேர்வது அப்படியில்லை. அது எல்லோருக்கும் ஒரே மாதிரி, எல்லா நாளும் ஒரே மாதிரி பிசகியிருக்கிறது. விசில் அடிக்க ஆளில்லை, காரணம் நமக்கு வேறு சுருதியே தெரியாது. பாடும்போது பாணன் ஒரு சொல்லை மாற்றிப் போடுவதும், அச்சில் ஒரு சொல் மாறிப் பல்கலைக்கழகப் பாடமாவதும் ஒன்றாகுமா? பேதங்கள் பல என்பதால் பேதங்களைக் குறித்து வைக்க வேண்டாம் என்று எந்தப் பதிப்பாசிரியனும் சொன்னதில்லை. பல என்பதால்தான் குறித்து வைத்தார்கள்.

6

ஒரு பிரதி வேகம் ஏற்றப்பட்டதா, சுருதி காக்கப்பட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபிரேம் நகலெடுத்து நிரப்பப்பட்டிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். முன் ஃபிரேமைப் போலவே இருக்கும் ஃபிரேமைக் கழிக்க எம்பிடெசிமேட் என்று ஒரு வடிகட்டி உண்டு. 25-க்கு ஒன்று கழிந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். அசைவுள்ள காட்சிகளில் ஒன்றுமே கழியாவிட்டால் அது வேகம் ஏற்றிய பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சுருதிக்கு ஒரு சாட்சி வேண்டும். பாடகரின் சுருதியைச் சாட்சியாக வைக்க முடியாது. வழக்கே அவரைப் பற்றியது. வாத்தியத்தையும் வைக்க முடியாது; அது பாடகருக்காகச் சேர்க்கப்பட்டது. படத்துக்குள் மனிதர்கள் இஷ்டப்படி மாற்ற முடியாத ஓர் ஒலி வேண்டும். அது இருக்கிறது, மின்சாரத்தின் இரைச்சல். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் ஹம் என்பார்கள். 50 சுழற்சி மின்சாரத்தில் ஓடும் ஒலிக்கருவி எதிலும் 50-லோ அதன் இரட்டிப்பான 100-லோ ஒரு மெல்லிய முனகல் பதிந்துவிடும். கோயமுத்தூருக்கு அந்த மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து இறங்கியது. நம் மில்களை ஓட்டிய அதே நீலகிரித் தண்ணீர்.

1940களில் இந்த ஊரில் எடுத்த ஒரு படத்தின் இணையப் பிரதியை எடுத்துக்கொண்டேன். பாட்டு, வசனம் இல்லாத சில நொடிகளைப் பொறுக்கி, மேல் ஸ்தாயிகளையெல்லாம் வடித்துவிட்டு, மிச்சத்தைப் படமாக வரையச் சொன்னேன். ஒலியைக் கோடுகளாக வரையும் வசதியும் இதே கருவியில் இருக்கிறது. ஒரு கோடு வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வந்தன. ஒன்று 100-ல், திடமாக, ஆணி அடித்த மாதிரி. மற்றது 104-ல், மெலிந்து, அங்கங்கே அறுந்து.

100-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 104.17.

திடமான கோடு பிரதி எடுத்த நிலையத்தின் மின்சாரம். அது எந்த ஊரோ, எந்த வருஷமோ. மெலிந்த கோடு ஸ்டூடியோவில் படம் பிடித்த நாளில் பதிந்தது. ஃபிலிமோடு சேர்ந்து வேகம் ஏறி, 100-லிருந்து 104-க்குப் போய் நிற்கிறது. ஆக, இந்தப் பிரதியில் வேகமும் ஏறியிருக்கிறது, சுருதியும் ஏறியிருக்கிறது. அந்தக் காலத்து மின்சாரம் 50-ல் நிலையாக நின்றதா என்று கேட்கலாம். நிற்காமல் போயிருக்கலாம். ஆனால் ஸ்டூடியோவின் மோட்டார்கள் அதே மின்சாரத்தோடு பூட்டி ஓடுகிற வகையாக இருந்திருந்தால் மின்சாரம் தளரும்போது ஃபிலிமும் தளரும். 24 ஃபிரேமுக்கு 50 சுழற்சி என்ற விகிதம் குலையாது. வேறு வகை மோட்டாராக இருந்தால் சாட்சியம் அந்த அளவுக்கு வலுக்குறையும். அப்படியும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் தூரம் இவ்வளவு கச்சிதமாக 25-க்கு 24 என்று அமைவது தற்செயலாக இருக்க முடியாது.

ஏசெட்ரேட், 46080. படத்துக்கு செட்பிடிஎஸ். கட்டளை ஓடி முடிந்ததும் ஹெட்ஃபோனில் கேட்டேன். அதே பாட்டு. பாடகர் இறங்கி வந்து தரையில் கால் வைத்த மாதிரி இருந்தது. கீழ் ஸ்தாயியில் முன்பு கேட்காத ஒரு கனம். ஒரு சங்கதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் யோசிக்கிறார் என்று தோன்றியது. முன்பு அது யோசனையாகத் தெரியவில்லை, அவசரமாகத் தெரிந்தது. குரல் உயரமானதுதான், அதில் மாற்றமில்லை. கீச்சு என்ற வார்த்தை மட்டும் அதற்கு ஒட்டவில்லை.

7

ஒரு படத்துக்குள்ளேயே வேகம் மாறும் இடங்கள் உண்டு. கத்திச் சண்டையையும் குதிரைத் துரத்தலையும் கேமராவை மெதுவாக ஓட்டி எடுத்து, திரையில் வேகமாகக் காட்டுவது அன்றைய வழக்கம். அது எடுத்தவனின் சிருஷ்டி. அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. நான் கேட்பது, எடுத்தவன் செய்த வேகத்தையும் அனுப்பிவைத்தவன் செய்த வேகத்தையும் பிரித்தறிந்துவிட்டு விமர்சனம் எழுதுங்கள் என்றுதான். படத்தின் லயம், நடிப்பின் நிதானம், மௌனத்தின் நீளம் என்றெல்லாம் எழுதுகிறோம். இவை எல்லாம் காலத்தால் அளக்கும் பொருள்கள். அளவுகோலே நூற்றுக்கு நாலு சுருங்கியிருந்தால் அளந்தது என்ன?

எனவே ஒரு சின்ன யோசனை. பழைய படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அடியில் ஒரு வரி போடலாம்: எந்தப் பிரதி, எத்தனை நிமிஷம், நொடிக்கு எத்தனை ஃபிரேம். திருத்தி எழுதிக்கொண்ட பிரதியென்றால் எந்த வழியில் திருத்தியது என்றும் சேர்த்துப் போடலாம். காலத்தை மாற்றினேன், அல்லது ஃபிரேமை வீசினேன், அல்லது இல்லாததைச் செருகினேன். மூன்றாவதைச் செய்தவர்கள் அதற்குமேல் விமர்சனம் எழுதாமல் இருப்பது உத்தமம்.

நண்பரிடம் திருத்திய கோப்பைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பேசினார். குரலைப் பற்றிய வரியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். நடிப்பைப் பற்றிய வரி நிற்கிறது. 24-லும் அவர்கள் வசனத்தைத் துரத்துகிறார்கள்தான் என்றார். கேட்டுப் பார்த்தேன். அந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி என்று எனக்கும் படுகிறது. இப்போது அது விமர்சனம்.

வின்சென்டின் நாளில் வேகம் ஓட்டுகிறவன் கையில் இருந்தது. பிறகு மோட்டாருக்குப் போனது, அங்கிருந்து டெலிவிஷன் நிலையத்துக்குப் போனது. இன்று ஒரு வரி எழுதத் தெரிந்த எவன் கையிலும் அந்தக் கைப்பிடி இருக்கிறது. அவரவர் எந்த வேகத்தில் சுற்றினோம் என்று எழுதிவைத்தால் போதும்.